பூக்காத மரத்தில் பதினான்கு நூல்

ரூசே,
மார்ச் 28, சனிக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா வயோலெத்தாவுக்கு, தங்கை திலியானா எழுதுவது.

குளிர்காலம் எந்தத் தேதியில் முடிகிறது? ஒவ்வொரு மார்ச் மாதமும் புர்காஸிலிருந்து தொலைபேசியில் நீ கேட்கிற கேள்விதான். "அங்க குளிர் விட்டுதாடி?" என்பாய். இருபத்திரண்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்துவருகிறேன். எனக்கு விடை தெரியவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் வேறெதையும் ஒப்புக்கொள்ளும் உத்தேசம் எனக்கில்லை. ஏனென்றால் இது வெற்றிக் கடிதம்.

மரியாதைகளை முடித்துவிடுகிறேன். நான் நலம், இடது முழங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர. அதன் காரணம் கீழே வரும். உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்திருந்தால் இதற்குள் இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியிருப்பாய் என்பதால் நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. நாற்பத்தொன்பது வயதில் கண்டுபிடித்தேன்.

கேள்விக்கு வருகிறேன். நம் கட்டடத்தில் இருபது வீடுகள் இருக்கின்றன. குளிர்காலம் முடிவதற்குத் தேதிகளும் ஏறக்குறைய இருபது இருக்கின்றன. வீடுகளைச் சூடாக்கும் வெப்பக் குழாயை நிறுத்துகிறவர்களுக்கு அது ஒரு காகிதத்தில் கையெழுத்தாகிற நாள். தரைத்தளத்துப் பாவ்லினா அத்தைக்கு, பால்கனியில் இருக்கும் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைக் கழுவிக் கவிழ்க்கிற நாள். அன்று ஆறு மாடிக்கும் நாறும், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம், அது வசந்தத்தின் வாசனை என்று பழகிவிட்டது. கட்டடத் தலைவர் ருமென் பாலபானோவுக்கு, தன் ஓப்பல் காருக்கு மாலைதோறும் போர்த்துகிற சாம்பல் நிறத் துணியை மடித்து உள்ளே வைக்கிற நாள். அந்த மனிதர் காருக்குப் போர்த்துவதை நீ பார்த்திருக்கிறாய். நான்கு மூலையையும் உள்ளே செருகிவிட்டு, கடைசியில் லேசாகத் தட்டிக்கொடுப்பார். அவருடைய மனைவிக்குச் சளி பிடித்தபோதுகூட அந்த அக்கறையை நான் பார்த்ததில்லை. நம் வீட்டில் மட்டும் குளிர்காலத்தை முடித்துவைக்கிற அதிகாரம் முற்றத்து ஆப்ரிகாட் மரத்திடம் இருந்தது. அது பூக்காமல் அப்பா கம்பளிப் பனியனைக் கழற்ற மாட்டார். அம்மா கெஞ்சுவாள்: "மனுசா, வெளியில இருபது டிகிரி. உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட முடியல." அப்பா கரண்டியால் ஜன்னலைக் காட்டுவார்: "அது இன்னும் ஒண்ணும் சொல்லலியே!" ஒரு வருடம் அது ஏமாந்துபோய் பிப்ரவரியிலேயே பூத்தது. அப்பாவும் பனியனைக் கழற்றினார், ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தார், படுத்தபடியே வானொலியில் வானிலை படிக்கிற பெண்ணைத் திட்டினார். மரத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பூத்த நாளை ஒவ்வொரு வருடமும் சமையலறை நாட்காட்டியில் குறித்துவைப்பார், உனக்கு நினைவிருக்கும். முப்பத்தொரு நாட்காட்டிகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. அவற்றை எடுத்து அட்டவணை போட்டேன். சராசரி மார்ச் 30, முன்னே பின்னே எட்டு நாள். ஆனால் கடைசி மூன்று வருடத்துக்கு அட்டவணையில் கோடுதான் இருக்கிறது. மரம் பூக்கவில்லை.

இங்கேதான் நீ வருகிறாய், அக்கா.

பிப்ரவரிக் கூட்டம் வழக்கம்போலப் படிக்கட்டில் நடந்தது. படிக்கட்டு விளக்கு நாற்பது நொடிக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும், யாராவது போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்குகிறவர் கையைத் தூக்க முடியாது, ஆகவே நம் கட்டடத்தில் எந்த வாக்கெடுப்பையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாது. பாலபானோவ் நோட்டுப் புத்தகத்தோடு மூன்றாவது படியில் நின்றுகொண்டு, மரம் செத்துவிட்டது, பறவைகள் அதன்மேல் உட்கார்ந்து ஓப்பல் மேல் எச்சமிடுகின்றன, அதை வெட்டினால் இரண்டு காருக்கு இடம் கிடைக்கும் என்றார். நான் அட்டவணையோடு போயிருந்தேன். அதை விரித்து, பூக்காத மூன்று வருடங்களை வைத்து முப்பத்தொரு வருடங்களை ஒதுக்கிவிட முடியாது என்று ஆரம்பித்ததும் விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது பாதிப் பேர் அட்டவணையைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தின் அடியில் மூன்று வருடமாகப் புதுக்கொம்புகள் வளர்கின்றன, செத்த மரம் கொம்பு விடுமா என்று கேட்டேன். "களை, ப்ரொஃபசரம்மா. என் தலையிலகூடத்தான் அங்கங்க முடி இருக்கு. அத வச்சு எனக்கு இருபது வயசுன்னு சொல்வீங்களா?" என்றார் பாலபானோவ். எல்லோரும் சிரித்தார்கள். எட்டுக்கு எட்டு என்று வாக்கு நின்றது. அப்போதுதான் அவர் தொலைபேசியை எடுத்து, வீட்டில் பாதிக்குச் சொந்தக்காரியான உன் செய்தியை உரக்கப் படித்தார்: "மரம் செத்துப் போச்சு ருமென் அண்ணே. வெட்டிருங்க. அப்பாவே இருந்தாலும் வெட்டியிருப்பாரு." ஒன்பதாவது கை உன்னுடையது. அது புர்காஸிலிருந்து நீண்டு வந்தது; இந்த ஊரில் ஒரு சைக்கிள்கூட இல்லாத நீ, பாலபானோவின் காருக்கு இடம் பிடித்துக் கொடுத்தாய். அன்றிரவு உன்னைக் கூப்பிடவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

மார்ச் 28, காலை ஒன்பது மணி என்று நாள் குறித்தார்கள். நகராட்சியின் அனுமதித் தாளும் வந்து தபால்பெட்டிகளுக்கு மேலே ஒட்டப்பட்டது. நகராட்சிக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன், எதற்கும் பதிலில்லை. மரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பச்சை என்று சொல்ல விரும்புகிறவர்களுக்குப் பச்சையாக இருந்தது. நேற்று மாலை வகுப்பு முடித்து வரும்போது, சந்தை மூலையில் ஒரு பெண் மிச்சமிருந்த மார்தெனித்சாக்களைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய அந்த நூலை நான் கல்லூரிக் காலத்திலிருந்தே கட்டுவதில்லை என்பது உனக்குத் தெரியும். மார்ச் முதல் தேதி ஊரே அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, முதன்முதலில் பூத்த மரத்தைப் பார்த்ததும் அவிழ்த்து அதன் கிளையில் கட்டுகிறது. நோயெல்லாம் நூலோடு போய்விடுமாம். ஆதாரம் ஏதுமில்லை. நான் பதினான்கு வாங்கினேன்.

இன்று விடியற்காலை பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, கிளைக்கு ஒன்றாகக் கட்டினேன், ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சு. பத்தாவது நூலில் பெட்டி சாய்ந்தது. முழங்கால் விஷயம் அதுதான். சத்தம் கேட்டுப் பாவ்லினா அத்தையின் ஜன்னல் திறந்தது. "யாரது?" "நாந்தான், குப்பை போட வந்தேன்." "குப்பை எங்கடி?" "போட்டாச்சு." "தொட்டி அந்தப் பக்கமில்ல இருக்கு?" "ஆமா அத்தை, நடந்துக்கிட்டிருக்கேன்." இருபத்திரண்டு வருடமாக மாணவர்களின் பொய்களைக் கேட்டு முகம் சுளித்தவள் நான். அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இனி ஒன்பது மணி. மரம் வெட்டுகிற மித்யோ கிராமத்திலிருந்து தன் பழைய லாடா காரில் வந்து இறங்கினார். ரம்பத்தை எடுத்தார், மரத்தை நிமிர்ந்து பார்த்தார், ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"இதுல யாரு மார்தெனித்சா கட்டினது?"

"யாரா இருந்தா உனக்கென்ன? நீ வெட்டுப்பா," என்றார் பாலபானோவ்.

"நூல் கட்டின மரத்துல நான் ரம்பம் வைக்க மாட்டேன். எங்க ஊர்ல ஒருத்தன் வச்சான்."

"என்ன ஆச்சு? செத்துட்டானா?"

"மாமியார் வந்து தங்கிட்டா. நாலு வருஷமாச்சு, இன்னும் போகல."

அதற்குள் பாவ்லினா அத்தை மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அவர் பின்னால் கட்டடமே இறங்கி வந்தது. "பூக்காத மரத்துல யாரும் நூல் கட்ட மாட்டாங்க," என்று தீர்ப்புச் சொன்னார் அத்தை. "அப்ப யாரோ பூவப் பாத்திருக்காங்க." உடனே அத்தனை பேரும் கழுத்தை நிமிர்த்திப் பூவைத் தேட ஆரம்பித்தார்கள். நான் யோசிக்காமல் விட்ட ஒரே இடம் இதுதான்: பூக்காத மரத்தில் கட்டிவிட்டேன். இந்த ஊரில் ஆறு வயசுக் குழந்தைகூடச் செய்யாத தப்பு. மித்யோ அடிமரத்தருகே குந்தி, புதுக்கொம்புகளைத் தடவிப் பார்த்து, "மேல இருக்கிறது போயிருச்சும்மா. கீழ வர்றது வேற ஜாதி மாதிரி தெரியுது," என்றார். அது என் காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதைவிட அவசரமான ஒன்றை அப்போதுதான் பார்த்திருந்தேன். பாலபானோவின் காதுக்குப் பக்கத்தில் தொங்கிய நூலில் கடைச்சீட்டு அப்படியே இருந்தது, "பாதி விலை" என்று சிவப்பு மையில் எழுதி. நான் நைசாக நகர்ந்து, சீட்டை மறைத்தபடி தலையைச் சாய்த்து நின்றுகொண்டேன். கழுத்து சுளுக்கா என்று அத்தை கேட்டார். ஆமாம் என்றேன்.

"சரி, நூல அவுத்துட்டு வெட்டலாம்," என்றார் பாலபானோவ். யாரும் அசையவில்லை. அடுத்தவர் நூலை அவிழ்த்தால் அதிலிருக்கும் நோய் அவிழ்த்தவர் கையில் ஏறும் என்பது பாவ்லினா அத்தையின் சட்டம்; கட்டட விதிமுறைகளில் அது இல்லை, ஆனால் விதிமுறைகளை யாரும் படித்ததில்லை. பாலபானோவ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்துக்கு வந்ததும் நின்றார். புன்னகைத்தார்.

"நம்ம ப்ரொஃபசரம்மா இருக்காங்களே! போன வருஷம் மார்ச் ஒண்ணாந்தேதி நான் ஆசையா ஒரு நூலக் கொடுத்தேன். 'இதுக்கெல்லாம் எந்த ஆதாரமும் இல்ல ருமென் அண்ணே'ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. படிச்சவங்க, பயமில்லாதவங்க. அவங்களே அவுக்கட்டும். என்ன சொல்றீங்க?"

அக்கா, அந்த மனிதரை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டே வழி இருந்தது. அவிழ்த்தால், முப்பது வருடமாக நான் சொல்லிவந்ததெல்லாம் நிலைக்கும், மரம் போகும். அவிழ்க்காவிட்டால் மரம் இருக்கும், நான் போவேன். கட்டட மின்தூக்கியில் கறுப்புப் பூனை ஏறியபோது எல்லோரும் நடந்து போக, நான் ஒருத்தி பூனையோடு ஆறாம் மாடி வரை போனவள். நாற்பது கண்கள் என்னைப் பார்த்தன. சீட்டு என் காதை உரசிக்கொண்டிருந்தது. அதெல்லாம் நானே வாங்கிய நூல். அதில் யாருடைய நோயும் இல்லை என்று அந்த முற்றத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"என்னது?"

"பயமா இருக்கு ருமென் அண்ணே. நான் தொட மாட்டேன்."

பாவ்லினா அத்தை மூன்று முறை காற்றில் துப்பிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "வந்துட்டாடி வழிக்கு! இத்தன வருஷம் கழிச்சு! உங்கம்மா இருந்து பாக்கணும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மித்யோ, "படிச்சவங்களே பயப்படுறாங்கன்னா அப்புறம் நான் எம்மாத்திரம்?" என்று ரம்பத்தை உறையில் போட்டார். பாலபானோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "போங்கய்யா, நானே அவுக்கிறேன்," என்று கையைத் தூக்கினார். கிளைக்கு ஒரு சாண் கீழே கை நின்றது. "தொடு பாக்கலாம்," என்றார் அத்தை அமைதியாக. "உனக்குப் பித்தப்பையில இருக்கிற கல்லு போதாதுன்னா தொடு." அந்தக் கை தலையைச் சொறிவதற்காகத்தான் மேலே போனது என்பதுபோல மெல்ல வந்து தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எல்லோர் முன்னிலும் எழுதினார்: "நூல்கள் தாமாக விழும்வரை மரம் வெட்டப்படாது." பதினாறு பேர் கையெழுத்துப் போட்டோம். பகல் வெளிச்சத்தில் நடந்ததால் எண்ணிக்கையில் குழப்பமும் இல்லை. நைலான் கலந்த நூல், மூன்று முடிச்சு; என் கணக்குப்படி பத்து வருடம் தாங்கும். பாவ்லினா அத்தை வீட்டில் எல்லோருக்கும் காப்பி, மித்யோவுக்கு மட்டும் ரகியாச் சாராயம். கூட்டம் கலைந்ததும் கடைச்சீட்டைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆகவே, அக்கா, நீ தோற்றாய். பாலபானோவும் தோற்றார். அப்பாவின் மரம் நிற்கிறது. ஒரு பொய்யால் நிற்கிறது என்பாய். பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. சொன்னபோது என் விரல்கள் சில்லிட்டிருந்தன. காலையில் ஆறு டிகிரி. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நீயும் அத்தானும் பல்லாண்டு நலமாக இருங்கள், கடல்காற்று உங்கள் மூட்டுகளைத் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும், உன் தக்காளி நாற்றுகள் ஒன்றுவிடாமல் பிழைக்கட்டும். அடுத்த கூட்டத்துக்குச் செய்தி அனுப்பத் தோன்றினால் கையைப் பைக்குள் வைத்துக்கொள்.

வெற்றியோடும் பாசத்தோடும்,
திலியானா

பின்குறிப்பு, மார்ச் 29, ஞாயிறு மாலை. இன்று தபால் இல்லாததால் கடிதம் மேசையிலேயே இருந்தது. ஆகவே இன்று நடந்ததையும் எழுதிவிட வேண்டியிருக்கிறது.

காலை எட்டு மணிக்குப் பாவ்லினா அத்தை கீழேயிருந்து கத்தினார், "பூத்திருச்சு!" செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். உண்மையிலேயே பூத்திருந்தது. மேலே இல்லை, அடியில், அந்தப் புதுக்கொம்புகளில். ஆனால் பூ வெள்ளை. அப்பாவின் ஆப்ரிகாட் இளஞ்சிவப்பாகப் பூக்கும். மொட்டு அடர்ந்த சிவப்பாக இருக்கும். இது சந்தையில் யாரும் விலை கேட்காத காட்டுப் புளிப்புப் பிளம். ஆப்ரிகாட்டை ஒட்டுப் போட்டபோது கீழே வேருக்கு வைத்த மரம். மேலே இருந்தது செத்ததும் அது தன் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. மித்யோ நேற்றே சொன்னார். நீ பிப்ரவரியிலேயே சொன்னாய். அப்பாவின் மரம் செத்துவிட்டது, அக்கா. நீ சொன்னது சரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இருபது நிமிடம் ஆனது.

பாவ்லினா அத்தையிடம் சொன்னேன். "ஆப்ரிகாட் இல்லன்னா என்னடி? இந்தத் தெருவுல முதல்ல பூத்தது இதுதானே?" என்று தன் கையிலிருந்த நூலை அவிழ்த்துக் கட்டினார். மதியத்துக்குள் இருபது வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். எண்ணினேன்: என்னுடைய பதினான்கு, அவர்களுடையது இருபத்தாறு. நாற்பத்தொன்றாவதாக, ஓப்பலின் கண்ணாடியில் ஒரு மாதமாகத் தொங்கிய சிவப்பு வெள்ளை நூல் பொம்மை ஜோடி இருந்தது. அதைக் கட்டும்போது பாலபானோவ் யாரையும் பார்க்கவில்லை. நான் மேலே வந்து சமையலறை நாட்காட்டியில் எழுதினேன்: "மார்ச் 29. பூத்தது. குளிர்காலம் முடிந்தது."

நான்கு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்பே பாலபானோவ் அங்கே இருந்தார். ஓப்பலின் சாம்பல் நிறத் துணியைக் கொம்புகளின் மேல் கூடாரம்போல இழுத்துக் கட்டி, நான்கு மூலையையும் செங்கல்லுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார்.

"அப்ப காருக்கு, ருமென் அண்ணே?"

"அது இரும்பும்மா, தாங்கும்," என்றார். "இதுல என் நூல் இருக்கு."

மூலையைச் செருகி முடித்ததும் துணியை லேசாகத் தட்டிக்கொடுத்தார். ஓப்பலின் மேல் இப்போது நான்கு விரற்கடை பனி.